நீலக் குழல் மகாராஜா திக்விஜயம்

பூவுலகில் எத்தனையோ சக்கரவர்த்திகள் சிங்காதனம் ஏறினார்கள், இறங்கினார்கள். ஏறியவர் இறங்காமலே ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கோலோச்சும் பெருமை நம்முடைய நீலக் குழல் மகாராஜாவுக்கே வாய்த்தது. சால்பியூட்டமால் என்பது அவருடைய திருநாமம். 1969இல் பிரிட்டனில் முடிசூடினார். இன்று சட்டைப் பையில், கைப்பையில், தலையணைக்கு அடியில், பூஜை அலமாரியில் விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் என்று அவர் எழுந்தருளாத இடமே நம் ஊரில் இல்லை. தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, தலையைச் சற்றே சாய்த்து, இரண்டு அழுத்து அழுத்திவிட்டு அட்சதையோடு திரும்பி வருவதை யார்தான் பார்த்ததில்லை? அத்தகைய பெருமானை நாவாரப் புகழாமல் இருப்பது நன்றிகெட்ட செயல்.

அவருடைய முதற்பெருமை வேகம். வாயில் வைத்து அழுத்திய ஐந்து நிமிடத்துக்குள், மூச்சுக்குழலைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்த தசைகள் கட்டியம் கேட்ட சேவகர்களைப் போலக் கைகட்டி விலகும். நான்கு முதல் ஆறு மணி நேரம் அந்த மரியாதை நிலைக்கும். குழலின் உட்புறத்தில் சவ்வு சிவந்து வீங்கி, சளி கோத்து, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டிருக்கிறதே, அதை அவர் திருக்கரத்தால் தொடுவதே கிடையாது. பிறர் வீட்டு உள்ளறை விவகாரத்தில் தலையிடாத அந்த உயர்குடிப் பண்பை என்னென்பது! ஆஸ்துமா என்னும் நோயின் வேர் அந்த அழற்சியில்தான் இருக்கிறது. வேரைப் பகைத்துக்கொள்ளாமல் இலையை மட்டும் தடவிக்கொடுத்து, நோயையும் நோயாளியையும் ஒரே குடைக்கீழ் வாழவைக்கும் சமரச ஞானம் வேறெந்த அரசருக்கு இருந்தது?

அடுத்தது, அடியார்களைத் தம்மிடமே ஈர்த்துவைத்துக்கொள்ளும் அருட்குணம். ஓரிரு வாரம் விடாமல் அண்டியிருந்தால் போதும், நுரையீரலில் அவரை வரவேற்கும் வாசல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளத் தொடங்கும். முன்பு இரண்டு அழுத்துக்குக் கிடைத்த நிவாரணத்துக்கு இப்போது நான்கு வேண்டும். புழுதியும் தாளிப்புப் புகையும் முன்னைவிட எளிதாக இழுப்பைக் கிளப்பும். ஆகவே அடியார் இன்னும் அடிக்கடி வருவார், வாசல் இன்னும் இறுக்கிச் சாத்தும், அடியார் இன்னும் உருகுவார். பக்தியைப் பக்தியாலேயே வளர்க்கும் இந்த ரகசியத்தை அறிந்த மடாதிபதிகள்கூட அரிது.

இந்தப் பக்தி தடையின்றிச் செழிக்க மருந்துக்கடைக்காரர்கள் ஆற்றும் தொண்டைத் தனியே போற்ற வேண்டும். “அண்ணே, அந்த நீலக் கலர் பஃப் ஒண்ணு” என்று சொல்லி முடிப்பதற்குள், பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே, போனைத் தோளில் இடுக்கியபடியே, திரும்பிப் பார்க்காமலே கை மூன்றாம் தட்டுக்குப் போகும். ஒரு குழலில் 200 அழுத்து. போன மாதம்தானே வாங்கினீர்கள், அதற்குள் எப்படித் தீர்ந்தது என்று கேட்டு அடியாரைச் சங்கடப்படுத்தும் அற்பத்தனம் அந்தக் கல்லாப்பெட்டியின் அருகே தலைகாட்டியதில்லை. ஆண்டுக்கு மூன்று குழலோ அதற்கு மேலோ தீர்ந்தால் கடுமையான இழுப்பு வரும் அபாயம் கூடுகிறது, மாதம் ஒன்று என்று பன்னிரண்டைத் தொட்டால் உயிரே போகும் அபாயம் கூடுகிறது என்று எங்கோ எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதியவர்களுக்கு வியாபாரத்தின் மங்களம் தெரியாது.

மருத்துவப் பெருமக்களின் திருவடிக்கு இனி வருவோம். எல்லாரையும் சொல்லவில்லை. நிதானமாக உட்காரவைத்து, கேள்வி கேட்டு, ஊதவைத்துப் பார்க்கும் சிலர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களால் ஒரு மாலை நேரத்தில் எத்தனை பேரைப் பார்த்துவிட முடியும், பாவம். நான் போற்றுவது மற்றவர்களை. நோயாளி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும் நடையிலேயே நோயின் பெயர், கடுமை, வயது மூன்றையும் அறிந்துவிடும் அந்த ஞானதிருஷ்டிக்காரர்களை! ஸ்பைரோமெட்ரி என்று ஒரு சோதனை உண்டு. மூச்சை முழுக்க இழுத்து வேகமாக ஊத வேண்டும். முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்று அது அளக்கும். பிறகு மருந்து கொடுத்து மறுபடி ஊதவைத்தால், அந்த அளவு 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடுகிறதா என்று பார்த்து ஆஸ்துமாவை உறுதிசெய்வார்கள். அந்தக் கருவி இல்லாத இடத்தில், சட்டைப் பையில் அடங்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றைக் கையில் கொடுத்து, காலையும் மாலையும் ஊதி எழுதிவரச் சொன்னாலே பாதி உண்மை தெரிந்துவிடும். சர்க்கரைக்கு ரத்தம் எடுக்காமல், ரத்தக்கொதிப்புக்குக் கையில் பட்டி சுற்றாமல் எந்த மருத்துவரும் மருந்து எழுதத் துணிவதில்லை. மூச்சை மட்டும் அளக்காமலே எழுதிவிடலாம் என்ற துணிவு, மூச்சின்மேல் அவர்கள் வைத்த தனி மரியாதை அல்லவா?

இந்தத் திருஷ்டியின் முன் பேதமில்லை. முப்பது வருடம் பீடி குடித்தவரின் நுரையீரல் அடைப்புக்கும் நீலக் குழல். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்துக்கொண்ட அம்மாவுக்கும் நீலக் குழல். மாலைக் காய்ச்சலும் எடைக்குறைவுமாக இருமிக்கொண்டு வந்த இளைஞனுக்கும் சளிப் பரிசோதனைக்கு முன்பாகவே நீலக் குழல். எல்லாரையும் ஒன்றாகப் பாவிக்கும் இந்தச் சமதர்மம் சட்டசபையில்கூடக் காணக்கிடைக்காது.

‘லேசான ஆஸ்துமா’ என்று அவர்கள் வாயால் வரம் கொடுக்கும் அழகு இருக்கிறதே, அதற்கு ஆயிரம் பொன் தகும். உலக ஆஸ்துமா வழிகாட்டியை ஆண்டுதோறும் எழுதும் ஜினா அமைப்பினர் சற்று மந்தபுத்திக்காரர்கள். நோய் லேசானதா கடுமையானதா என்று முதல் நாளில் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவர்களுக்குத் தெரியாது. அழற்சியைக் குறைக்கும் மருந்தை இரண்டு மூன்று மாதமாவது சரியாக எடுக்கவைத்து, எவ்வளவு மருந்துக்கு நோய் அடங்கிற்று என்று பார்த்த பிறகுதான் அந்தச் சொல்லையே உச்சரிப்பார்களாம். முதல் நாளில் அவர்கள் பார்ப்பது வேறு: பெரும்பாலான நாட்களில் இழுப்பு வருகிறதா, வாரத்துக்கு ஒரு முறையாவது இரவில் விழிக்கவைக்கிறதா, ஊதும் அளவு குறைந்திருக்கிறதா? ஆம் என்றால் தொடக்கத்திலேயே மேல்படியில் மருந்தை ஏற்றுகிறார்கள். நம்மவர்களுக்கு இந்த நடைக்கூத்து எதற்கு? “உங்களுக்கு லேசா வீசிங் இருக்கு, அவ்வளவுதான். முடியாதப்ப மட்டும் இதை அடிச்சுக்குங்க.” நோயாளி மனம் குளிர்ந்து எழுந்து போகிறார். வாரத்துக்கு ஒரு தடவைகூட இழுப்பு வராமல் இருந்தவர்களும் ஒரே இரவில் இறந்திருக்கிறார்கள் என்ற அபசகுனத்தை அந்த நேரத்தில் வாயெடுத்துச் சொல்வது சபை நாகரிகமா?

பிரிட்டிஷ்காரர்கள் இந்த நாகரிகம் அறியாதவர்கள். மகாராஜா முடிசூடிய மண்ணிலேயே அவருக்கு எதிராகக் கணக்கு எழுதினார்கள். 2012 பிப்ரவரி முதல் ஓராண்டில் ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, 2014இல் அறிக்கை வெளியிட்டார்கள். இறந்தவர்களில் 45 சதவீதம் பேர் உதவி கேட்காமலோ, அவசர சிகிச்சை வந்து சேரும் முன்போ இறந்திருந்தார்கள். நீலக் குழல் எழுதிக்கொடுக்கப்பட்டிருந்தவர்களில் 39 சதவீதம் பேர் கடைசி ஓராண்டில் பன்னிரண்டுக்கு மேல் வாங்கியிருந்தார்கள். சிலர் ஐம்பதைத் தாண்டியிருந்தார்கள். ஐம்பது! வாரத்துக்கு ஒன்று! கடைசி மூச்சுவரை மகாராஜாவின் திருக்கரத்தை விடாத அந்த விசுவாசத்தை மெச்சி ஒரு நடுகல் நாட்டியிருக்க வேண்டாமா? அந்தக் குழல்களை மாதாமாதம் எழுதிக்கொடுத்த பேனாக்களுக்கு ஒரு பொற்பூண் போட்டிருக்க வேண்டாமா? அவர்களோ ‘தவிர்த்திருக்கக்கூடிய மரணம்’ என்று ஒரு வறண்ட சொல்லை எழுதிவைத்தார்கள்.

மகாராஜாவின் குலப்பெருமையும் சாதாரணமானதல்ல. மூதாதை ஐசோப்ரினலின், 1960களில் வீரியம் கூட்டப்பட்ட குழலாக அதே பிரிட்டனில் பவனி வந்தபோது ஆஸ்துமாச் சாவுகள் மளமளவென்று ஏறின. பங்காளி ஃபெனோடெரால் 1970களில் நியூசிலாந்துக்குப் படையெடுத்தார். அங்கும் சாவுகள் ஏறின, அவரை ஒதுக்கிவைத்த பிறகே இறங்கின. நமது மகாராஜா அவர்களைவிட எவ்வளவோ சாந்தசொரூபி. அவரைத் தனியே, துணைக்கு அழற்சி மருந்து இல்லாமல், ஆண்டுக்கணக்கில் ஆளவிடும் நம்முடைய ராஜபக்தியால்தான் குலத்தின் பழைய புகழ் இன்னும் மங்காமல் இருக்கிறது. உலகத்து ஆஸ்துமாக்காரர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர்தான் இந்தியாவில் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஆஸ்துமாவால் இறப்பவர்களிலோ நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் நம்மவர்கள். குறைந்த படையை வைத்துக்கொண்டு இத்தனை பெரிய வீரசொர்க்கக் கணக்கை எட்டிய தேசம் வேறு உண்டா?

பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளின் விஷயத்தில் நம் சமூகம் காட்டும் கனிவை நினைத்தால் கண் பனிக்கிறது. பிளஸ் டூ படிக்கும் பெண். விளையாட்டு வகுப்பில் மைதானத்தை ஒரு சுற்று ஓடினால் நெஞ்சு அடைக்கிறது. “நீ போய் நிழல்ல உட்காரும்மா” என்கிறார் ஆசிரியர். அவளும் மூன்று வருடமாக வேப்பமர நிழலில் உட்கார்ந்து, மற்றவர்களின் கைக்கடிகாரங்களையும் கண்ணாடிகளையும் மடியில் வைத்துக் காத்துவருகிறாள். ஓட முடியாமற்போவதே நோய் அடங்கவில்லை என்பதற்கு அடையாளம் என்று யாரும் சொல்லி அவளைக் கலவரப்படுத்தவில்லை. வீட்டில் அம்மா அதைவிடப் பெருந்தகை. “ஆஸ்துமான்னு எழுதாதீங்க டாக்டர், கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு. அலர்ஜின்னு எழுதுங்க.” டாக்டரும் பெருந்தன்மையோடு அலர்ஜி என்றே எழுதுகிறார். அலர்ஜிக்குத் தினமும் எடுக்கும் மருந்து எதற்கு என்று மகள் தர்க்கரீதியாக முடிவுகட்டுகிறாள். நீலக் குழல் மட்டும் ஜாமெட்ரி பாக்ஸுக்கு அடியில், கைக்குட்டை சுற்றி, ஒருவர் கண்ணிலும் படாமல் வீற்றிருக்கிறது. பெண்ணின் ஜாதகத்தைக் காப்பதற்காக அவளுடைய நுரையீரலைக் காணிக்கை வைத்த இந்தத் தியாகத்தை எந்தப் புராணமும் பாடவில்லை. இனியாவது பாடட்டும். டாக்டர் எல்லாக் கேள்வியையும் அம்மாவிடமே கேட்டார், மகளிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை என்பதையும் அந்தப் புராணத்தில் ஒரு செய்யுளாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அழற்சியைக் குறைக்கும் அந்த மருந்து இன்ஹேலரில் வரும் ஸ்டீராய்டு என்றதும் எழும் நம் பொதுமக்களின் விழிப்புணர்வும் வணங்கத்தக்கது. “அது பழக்கமாயிடும், உடம்பு ஊதிடும், வேண்டாம்.” தினம் 200 முதல் 400 மைக்ரோகிராம் வரை நேரே மூச்சுக்குழலில் படியும் புடெசொனைடு மருந்தின்மேல்தான் இந்தச் சந்தேகம். நெஞ்சு கட்டிக்கொண்ட இரவில் அதே குடும்பம் ஆட்டோ பிடித்துப்போய்க் கைநரம்பில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு, தினம் 40 மில்லிகிராம் என்று ஒரு வாரத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் வாங்கி வரும். எடைக் கணக்கில் பார்த்தால், அந்த ஒரு நாள் மாத்திரையைத் தினம் 200 மைக்ரோகிராமாகப் பிரித்தால் இருநூறு நாளைக்கு வரும். மைக்ரோகிராமுக்கு மிரண்டு மில்லிகிராமை மோர் சோற்றோடு விழுங்கும் இந்தக் கணித மேதைமையை ராமானுஜன் இருந்து பார்த்திருக்க வேண்டும். வாழ்நாளில் நான்கைந்து தடவை இப்படி மாத்திரைச் சுற்று முடித்தாலே எலும்புத் தேய்வு, சர்க்கரை, கண்புரை ஆகியவற்றுக்கு வாய்ப்புக் கூடுகிறது. நம்மவர்களில் பலர் அதை ஒரே மழைக்காலத்தில் முடித்துக் காட்டுகிறார்கள்.

குழலை அழுத்தும் கலையைப் பற்றி ஒரு வார்த்தை. நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து நொடி அடக்க வேண்டும் என்பது பழைய சாஸ்திரம். நம்மவர்கள் முதலில் அழுத்தி, பிறகு யோசித்து, அதற்கும் பிறகு மூச்சை இழுக்கிறார்கள்; மருந்து நாக்கையும் அண்ணத்தையும் நனைத்துவிட்டுச் சுகமாக வயிற்றுக்குப் போய்ச் சேர்கிறது. ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையை இடையில் மாட்டினால் இந்தச் சிரமமே இல்லை. அதை வாங்கிய வீடுகளில் அது அட்டைப்பெட்டி பிரியாமல் பீரோ மேல் கௌரவமாக இருக்கிறது.

நள்ளிரவு தர்பாரைச் சொல்லாமல் இந்தத் துதி நிறைவுபெறாது. மணி இரண்டு. கட்டில் விளிம்பில் முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள்பட்டை ஏறியேறி இறங்க உட்கார்ந்திருக்கிறார் குடும்பத் தலைவர். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. “தண்ணி”, “ஜன்னல்” என்று ஒற்றைச் சொற்களாக வருகின்றன. நாடி 120ஐத் தாண்டிவிட்டது. இதுவே கடும் தாக்குதலின் இலக்கணம், உடனே ஆஸ்பத்திரி, ஆக்சிஜன் என்பதெல்லாம் பொறுமையற்றவர்களின் பேச்சு. வீட்டில் எண்ணாமல் குழலை அழுத்துகிறார்கள். இரண்டு, நான்கு, பத்து. கழுத்துப் பள்ளம் உள்வாங்குகிறது. அப்புறம் மெல்ல மெல்ல அந்த இழுப்புச் சத்தம் அடங்குகிறது. காற்றே உள்ளே போகாவிட்டால் சத்தம் எங்கிருந்து வரும் என்று கேட்டு அந்தச் சாந்தியைக் குலைக்க அங்கே எவரும் இல்லை. “இப்பதாம்மா சத்தம் அடங்கியிருக்கு. லைட்ட அணைச்சிடு, தூங்கட்டும்.” உதட்டில் ஏறும் நிறமும் மகாராஜாவுக்கு உகந்த நீலமே.

இப்பேர்ப்பட்ட சாம்ராஜ்யத்திலும் கலகக்காரர்கள் தோன்றிவிட்டார்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன 3,800க்கும் மேற்பட்டோரைக் கொண்டு சோதித்தார்கள். லேசான ஆஸ்துமா என்று சொல்லப்பட்டவர்களுக்கு, இழுப்பு வரும்போது நீலக் குழலின் பங்காளி மருந்து ஒன்றுக்குப் பதிலாகப் புடெசொனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்த ஒரே குழலைக் கொடுத்தார்கள். நிவாரணமும் அதிலேயே, அழற்சிக்கு மருந்தும் அதிலேயே. கடுமையான தாக்குதல்கள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கின. 2019இல் ஜினா துணிந்து சொல்லிவிட்டது: பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன எவரையும் நீலக் குழலை மட்டும் நம்பியிருக்க விடாதீர்கள், முதல் நாளிலிருந்தே அழற்சி மருந்து சேர வேண்டும். சொல்லி இத்தனை ஆண்டுகள் ஆகியும் நம்முடைய ஆலோசனை அறைகளில் பெரும்பாலானவை அந்த ராஜதுரோகத்துக்குச் செவிகொடுக்கவில்லை. அந்தக் கலவைக் குழல் கடைகளில் கிடைக்காமலும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே அது இருக்கிறது. எட்டும் தொலைவில் இருந்தும் அதை எடுக்காமல் இருக்கும் வைராக்கியத்துக்கு ஈடுண்டோ?

கலகக்காரர்கள் நான்கு கேள்விகளையும் பரப்பிவருகிறார்கள். கடந்த நான்கு வாரங்களில் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் பகலில் இழுப்பு வந்ததா? இரவில் ஒரு தடவையாவது எழுப்பியதா? நீலக் குழலை வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் எடுத்தீர்களா? ஆஸ்துமாவால் ஏதாவது வேலையைச் செய்ய முடியாமல் போயிற்றா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் நோய் முழுக்க அடங்கவில்லை, மூன்றுக்கு ஆம் என்றால் அடங்கவே இல்லை என்று கணக்கு. கேட்டு முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நோயாளிகளுக்கும் சொல்லிவைக்கிறேன்: இந்த நான்கையும் தப்பித்தவறி ஒரு காகிதத்தில் எழுதி மருத்துவரின் மேசைமேல் வைத்துவிடாதீர்கள். பதில்களைப் படிக்க நேர்ந்தால், மகாராஜாவின் சிங்காதனம் அந்த அறையிலேயே ஆட்டம் கண்டுவிடும்.

ஆகவே அந்த நான்கில் ஒன்றையும் கேட்காத திருவாய் வாழ்க! மூன்று மாதம் கழித்து வந்து காட்டச் சொல்லாத பெருந்தன்மை வாழ்க! பழைய சீட்டைத் திருப்பிக்கூடப் பாராமல், அதன் அடியிலேயே ‘ரிப்பீட்’ என்று எழுதிக் கையெழுத்திடும் அந்தப் பொற்கரம் வாழ்க, வாழ்க!